விட்டேன் என்று சொன்னது

உங்கள் மின்விசிறியில் பேரிங் காய்ந்துபோயிருக்கிறது. அந்தக் கிறீச் சத்தம் அதனால்தான். சொட்டு எண்ணெய் விட்டால் போதும். புது விசிறிதான் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொழில் புத்தி, சார். எந்த அறைக்குள் நுழைந்தாலும் எது எதோடு உராய்கிறது என்றுதான் என் காது முதலில் தேடும்.

நான் லிஃப்ட் மெக்கானிக். வந்த காரணத்தை வாசலில் நின்ற உங்கள் கான்ஸ்டபிளிடம் சொன்னபோது அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அதுதான் விபத்துன்னு முடிஞ்சிடுச்சே, வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்க" என்றார். தங்கமான மனிதர். இப்போது எல்லோருமே என்னிடம் தங்கமாகத்தான் நடந்துகொள்கிறார்கள். அதுதான் எனக்குப் பெரிய தொந்தரவாகிவிட்டது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகச் சொல்கிறேன். அவசரப்படுகிற பழக்கத்தை நான் விட்டு வெகுநாளாகிறது.

செத்துப்போனவர் என் சகலை. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். ஓர் அலுவலகக் கட்டடம்; அதன் லிஃப்டுகள் எல்லாம் எங்கள் இருவர் பொறுப்பு. மொட்டை மாடியில் மெஷின் ரூம். மோட்டார்கள், இரும்புக் கயிறுகள், சுவரோரமாக ஒரு மேஜை, நான்கு முக்காலிகள். எண்ணெய் வாடையும் சூடும் இருக்கும், ஆனால் அதிகாரிகள் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அந்த ஒரு சுகத்துக்காகவே மதியச் சாப்பாட்டை அங்கேதான் வைத்துக்கொள்வோம்.

ஒரு சொல்லைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் குழம்புவீர்கள். லிஃப்டுக்கு அடியில் ஒரு குழி உண்டு. அதில் இறங்கி வேலை செய்ய வேண்டுமென்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே மெஷின் ரூமில் மெயின் சுவிட்சை இறக்கி, பூட்டு மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அதுவரை கீழே இருப்பவர் குழிக்குள் கால் வைக்கக் கூடாது. இதற்குக் கம்பெனி ஒரு நீளமான வாசகம் எழுதிக் கொடுத்திருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. கீழே இருந்து வாக்கி-டாக்கியில் "விட்டியா?" என்று கேட்போம். மேலே இருப்பவர் "விட்டேன்" என்பார். மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டேன், இனி அது அசையாது, நீ தைரியமாக இறங்கலாம் என்று அர்த்தம். எங்கள் இரண்டு பேர் உயிரும் அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது.

சகலை கல்யாணத்துக்கு முன்னால் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். அங்கே கற்றுக்கொண்ட போக்கர் ஆட்டத்தை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். நான்கு பேர் ஆடுவோம். சகலை, நான், வாசல் காவலாளி, தண்ணீர் பம்ப் ஆபரேட்டர். அந்த ஆபரேட்டரை எல்லோரும் தொட்டி என்றுதான் கூப்பிடுவோம்; மாடியில் இருக்கிற அத்தனை தொட்டிகளுக்கும் அவர்தான் சக்கரவர்த்தி. பந்தயத்துக்குப் பணம் கிடையாது. பழைய வாஷர்களை டப்பாவில் போட்டு வைத்திருந்தோம், அவைதான் எங்கள் செல்வம்.

ஆட்டம் தெரியாது என்கிறீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு, அடுத்தவர் பார்க்கக் கூடாது. நடுவில் ஐந்து சீட்டு, அது எல்லோருக்கும் பொது. இரண்டையும் சேர்த்து யாருடைய கை பெரியதோ அவருக்கு வெற்றி. இடையில் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போகலாம். எதிராளி ஏற்றினால் நீங்கள் ஈடு வைக்க வேண்டும், முடியாவிட்டால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்க வேண்டும். கையில் ஒன்றுமே இல்லாமல் ஏற்றி, எதிராளியை மிரட்டி ஒதுக்கவும் செய்யலாம். அதற்கு உதார் விடுவது என்று பெயர் வைத்தோம். ஒதுங்குகிறவர் "விட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கவிழ்ப்பார். வேலையில் இருந்த சொல் தானாகவே சீட்டுக்கும் வந்துவிட்டது. சொல்லிவிட்டால் முடிந்தது, மறுபடி சீட்டைத் தொடக் கூடாது.

"சீட்டையும் விடத் தெரியணும், உதாரும் விடத் தெரியணும். உனக்கு ரெண்டும் வரல சகலை, உன் மூஞ்சி கண்ணாடிக் கடை மாதிரி இருக்கு" என்று சகலை முதல் வாரமே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆரம்பத்தில் நான் மட்டமாகத்தான் ஆடினேன், ஒப்புக்கொள்கிறேன். எந்தக் கை வந்தாலும் உள்ளே போவேன். தோற்றால் அடுத்ததில் பிடித்துவிடலாம் என்று இன்னும் ஏற்றுவேன். மதியம் முடிவதற்குள் என் முன்னால் மேஜைப் பலகைதான் மிஞ்சும். வெறும் வாஷர்தானே என்பீர்கள். சகலையும் அப்படித்தான் சொன்னார். ஆனால் மூன்று பேர் என் முகத்தைப் படித்துவிட்டு நமுட்டுச் சிரிப்புச் சிரிப்பதைத் தாங்க முடியவில்லை. அந்தச் சிரிப்போடுதான் வீட்டுக்குப் போவேன். வீட்டில் சாப்பாடு சூடாக இல்லை என்றோ, மகள் அழுகிறாள் என்றோ ஏதாவது ஒன்று இருக்கும். ஒருநாள் தட்டு சுவரில் பட்டது. அது பெரிய விஷயம் இல்லை, எந்த வீட்டிலும் நடப்பதுதான்.

அன்றைக்கு யோசித்தேன். கோபம்தான் என்னைத் தோற்கடிக்கிறது என்று புரிந்தது. இந்த ஆட்டத்தில் திறமை என்பது பாதிக்கு மேல் பொறுமை, சார். நல்ல கை எப்போதாவதுதான் வரும். அதுவரை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி இருப்பதற்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும், அதைப் பயிற்சி செய்யாமல் பெற முடியாது. நான் பயிற்சி செய்தேன்.

காலையில் டீயை எதிரில் வைத்துக்கொண்டு ஆறி ஏடு கட்டும்வரை தொடாமல் இருப்பேன். மூக்கு அரித்தால் சொறிய மாட்டேன். மனைவி ஏதாவது கேட்டால் உடனே பதில் சொல்லாமல் அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் திரும்பவும் கேட்பாள், பிறகு குரல் இறங்கும், பிறகு தானாகவே அங்கிருந்து போய்விடுவாள். மகள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். ஒருநாள் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து வீரிட்டாள். நான் நாற்காலியில்தான் இருந்தேன், கையை நீட்டினால் எட்டும் தூரம். எழுந்து தூக்க வேண்டும் என்று உடம்பு துடித்தது. அந்தத் துடிப்பை அடக்கி உட்கார்ந்திருக்க முடிகிறதா என்று பார்த்தேன். முடிந்தது. மனைவி துணி காயப்போட்ட இடத்திலிருந்து ஓடி வந்து தூக்கும்வரை நான் அசையவில்லை. அன்றுதான் எனக்கு என்மேல் நம்பிக்கை வந்தது.

ஆட்டத்தில் மாற்றம் தெரிய ஆரம்பித்தது. "விட்டேன், விட்டேன்" என்று வரிசையாகக் கவிழ்ப்பேன். தொட்டி எனக்கு விட்டேன் என்றே பெயர் வைத்துவிட்டார். "என்ன விட்டேன் சார், இன்னைக்காவது உள்ள வருவீங்களா?" என்பார். வரட்டும் என்று இருந்தேன். எப்போதும் ஒதுங்குகிறவன் ஒருநாள் ஏற்றினால் அவனிடம் சரக்கு இருக்கிறது என்று எல்லோரும் நம்புவார்கள். அப்படியே நடந்தது. நான் ஏற்றினால் மூன்று பேரும் கவிழ்த்தார்கள். வாஷர்கள் என் பக்கம் குவிந்தன. சகலை தலையில் கை வைத்து, "கல்லுளிமங்கன்டா நீ, ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல" என்றார். என் வாழ்க்கையில் யாரும் எனக்குக் கொடுக்காத பட்டம் அது. பள்ளிக்கூடத்திலும் சரி, தொழிலிலும் சரி, நான் எதிலும் முதலாவதாக வந்தவன் இல்லை. இதில் வந்தேன். அந்தச் சந்தோஷத்தை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஆனால் கண்ணைப் பழக்கிவிட்டால் அது மேஜையோடு நிற்பதில்லை. எல்லோர் முகத்தையும் படிக்க ஆரம்பித்துவிடுகிறது. நான் என் மனைவியைப் படித்தேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். நான் ஜெயித்த நாட்களில் வீடு இயல்பாக இருந்தது. மகள் கூடத்தில் விளையாடுவாள், மனைவி முணுமுணுவென்று ஏதோ பாடிக்கொண்டு வேலை செய்வாள். எப்போதாவது தோற்கிற நாட்களில் மகள் வீட்டில் இருக்க மாட்டாள். "அக்கா வந்து தூக்கிட்டுப் போயிட்டா" என்பாள் மனைவி. அக்கா வீடு அடுத்த தெருதான். மனைவி என் செருப்புச் சத்தம் கேட்டதுமே வாசல் பக்கமாக நின்றுகொள்வாள். நான் அன்றைக்கு ஜெயித்தேனா தோற்றேனா என்பது நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது.

எப்படி? என் முகம் காட்டிக்கொடுக்காது. அதை நான்தான் கல்லாக்கி வைத்திருந்தேனே. ஆகவே யாரோ சொல்கிறார்கள்.

சோதித்துப் பார்த்தேன். ஒருநாள் வேண்டுமென்றே தோற்றேன், நல்ல ஜோடி கையில் இருந்தும் கவிழ்த்தேன். வீட்டுக்குப் போனால் மகள் இல்லை. இன்னொரு நாள் ஜெயித்துவிட்டு, தோற்றவனைப் போல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனேன். மனைவி பதறவே இல்லை. "டீ போடட்டுமா?" என்றாள். அன்று அவள் குளிக்கப் போனபோது அவளுடைய போனை எடுத்துப் பார்த்தேன். வேலைநாட்களில் எல்லாம், மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்த கையோடு ஓர் அழைப்பு. சகலையின் எண்.

வேறொருவனாக இருந்தால் அன்றே வீடு ரணகளமாகியிருக்கும். நான் போனைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். கையில் பாதி விவரத்தை வைத்துக்கொண்டு பந்தயத்தை ஏற்றக் கூடாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். பேச்சுவாக்கில் "சகலை இன்னைக்கு ஒரே சிரிப்பு" என்பேன். உடனே அவள் நெற்றியில் முடியை இழுத்து விட்டுக்கொள்வாள். "மாமாவா? நல்லா இருக்காரா?" என்பாள், கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. ஒவ்வொரு தடவையும் முடி நெற்றிக்கு வரும். மேஜையில் யாராவது அப்படிச் செய்தால் என் வாஷர் முழுவதையும் நடுவில் தள்ளியிருப்பேன். அவர்களுக்குள் ஏதோ இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லாமல் போனது.

அதன் பிறகு நான் எவ்வளவு நல்லவனாக இருந்தேன் என்பதை நீங்கள் அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம். எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தேன். விடுமுறை நாளில் யார் வேலைக்கு வருவது என்றால், நான் வருகிறேன் என்பேன். உயர்ந்த பதவி ஒன்று வந்தபோது சகலை பெயரைச் சொல்லிவிட்டு ஒதுங்கினேன். அவர் வீட்டுக் குழாய் ஒழுகினால் நான் போய் அடைத்தேன். "இப்படி விட்டுக்கொடுத்துப் போற மனுஷனை நான் பார்த்ததே இல்ல" என்று மனைவியின் அக்கா என்னை வைத்துக்கொண்டே சொன்னாள். நான் காத்திருந்தேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெளிவாகத் தெரியாது. நல்ல கை வந்தால் தெரியும் என்று இருந்தேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். தொட்டி விடுப்பில் இருந்தார். காவலாளிக்கு மாற்று ஆள் வராததால் அவர் கீழேயே நின்றுவிட்டார். மெஷின் ரூமில் நாங்கள் இருவர் மட்டும். சாப்பிட்டு முடித்துச் சீட்டைக் கலைக்கும்போது, விளையாட்டாகக் கேட்பதைப் போலக் கேட்டேன். "தினமும் என் வீட்டுக்குப் போன் பண்றீங்களே சகலை, அப்படி என்ன விஷயம்?"

அவர் முகத்தைப் பார்த்தேன். பதற்றம் இல்லை. சிரிப்பும் இல்லை. சீட்டுக்கட்டைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"என்னைக்காவது நீ கேப்பேன்னு தெரியும்," என்றார். "அவ பயந்துக்கிட்டே கிடக்கா சகலை. நீ தோத்துட்டுப் போனா அங்க என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நெத்தியில தையல் போட்டு வந்து நின்னாளே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது நானும் அவ அக்காவும்தான். தட்டு விளிம்பு பட்டிருந்தது. கொஞ்சம் கீழ பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்."

நான் டப்பாவிலிருந்து வாஷர்களை எடுத்து மேஜையில் அடுக்க ஆரம்பித்தேன்.

"அதுக்கப்புறம் ஆட்டத்துல இருக்கிற நாங்க மூணு பேரும் பேசி வச்சிக்கிட்டோம். நீ ஏத்தினா நாங்க விட்டுடுறதுன்னு. என்கிட்ட ராஜா ஜோடி இருந்தப்பக்கூட விட்டிருக்கேன். சில நாள் தப்பிப்போய் நீ தோத்துடுவ. அன்னைக்கு முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிடுவேன், குழந்தையை அக்கா தூக்கிட்டுப் போயிடுவா. ஜெயிச்ச நாள்லயும் சொல்லிடுவேன், அவ நிம்மதியா இருக்கட்டுமேன்னு. இவ்வளவுதான் விஷயம். வேற எதையாவது மனசுல போட்டுக் குழப்பிக்காத. அவ என் கூடப் பொறக்காத தங்கச்சி."

அவர் உண்மையைத்தான் சொன்னார். எனக்கு உதாரையும் உண்மையையும் பிரிக்கத் தெரியும். என் மனைவிமேல் ஒரு குற்றமும் இல்லை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் இதுவரை எழுதியிருப்பதைப் படிக்கிறவர்கள், மனைவிமேல் சந்தேகப்பட்டுச் செய்துவிட்டான் என்று முடிவுகட்டுவார்கள். அது தவறு. அந்தச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிட்டது. அதுவரை என் நெஞ்சில் இருந்த பாரமும் இறங்கியது.

வேறொன்று ஏறியது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "அப்படின்னா நான் ஜெயிச்சதுல எதுதான் நான் ஜெயிச்சது?"

அவர் என் தோளில் கை வைத்தார். "சிலது நீயாவே ஜெயிச்சிருப்ப. எதுன்னு யாருக்கு ஞாபகம் இருக்கு சகலை?"

யோசித்துப் பாருங்கள். ஆறிப்போன டீ, அடக்கிக்கொண்ட அரிப்பு, நாற்காலியில் அசையாமல் இருந்த அந்த நேரம். அவ்வளவு உழைப்பையும் வாங்கிக்கொண்டு, குழந்தை கையில் மிட்டாயைத் திணிப்பது போல மூன்று பேர் எனக்கு வெற்றியைத் திணித்திருக்கிறார்கள். காவலாளியும் தொட்டியும்கூட. நான் ஏற்றும்போதெல்லாம் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நான் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். அவமானம் என்றால் இதுதான் என்று தெரிந்தது. முகத்தில் மட்டும் எதுவும் வரவில்லை.

"இனிமே விட மாட்டேன். சத்தியமா," என்றார் சகலை. "நேரா ஆடலாம். தோத்தா கோபத்தை என்கிட்டக் காட்டு, ரெண்டு அறை கூட அறைஞ்சுக்கோ. வீட்டுக்குக் கொண்டு போகாத." சொல்லிவிட்டுச் சீட்டைப் போட்டார்.

எனக்கு ஓர் ஒன்பதும் ஒரு மூன்றும் வந்தன. நடுவில் விழுந்த ஐந்தில் ஒன்று ஒன்பது. ஆக, ஒன்பது ஜோடி, சுமாரான கைதான். நடுவில் ராஜாவும் ராணியும் கிடந்ததால் பயப்பட வேண்டிய கையும்கூட. சகலை கடைசிச் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன்னிடம் இருந்த வாஷர்கள் எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். "என்ன, விடுறியா?"

நான் அவரைப் படித்தேன். உதார் என்றுதான் பட்டது. ஆனால் உறுதியாக இல்லை. அந்த நேரத்தில் வாக்கி-டாக்கி கூப்பிட்டது. யாரோ ஒரு வக்கீலம்மா லிஃப்டுக்குள் நுழையும்போது சாவிக்கொத்தை நழுவவிட்டு, அது இடுக்கு வழியாகக் குழியில் விழுந்துவிட்டதாம். அவசரமாம். சகலை எழுந்தார். "என் சீட்டைத் தொடாத. நல்லா யோசிச்சு வை. நான் வந்து பார்க்குறேன்" என்று விரலை ஆட்டிவிட்டுப் படியில் இறங்கினார்.

நான் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பூட்டு ஆணியில் தொங்கியது. குழிக்குள்ளும் நிறுத்துகிற பொத்தான் ஒன்று இருக்கிறது, அது பழுதாகிக் கிடப்பது எங்கள் இருவருக்கும் தெரியும். லிஃப்டை மேல் மாடிக்கு அனுப்பிவிட்டு ஆள் உள்ளே இறங்கியதும் வேறு யாரும் தவறி விழாமல் இருக்கக் காவலாளி தரைத்தளக் கதவை இழுத்துச் சாத்துவார், அதுவும் எங்கள் வழக்கம். கதவு சாத்தியிருந்தால் லிஃப்ட் ஓடும். லிஃப்டுக்கும் குழியில் இருப்பவருக்கும் நடுவில் அந்தச் சுவிட்ச் மட்டும்தான்.

"விட்டியா?" என்று சகலை குரல் வந்தது. கேள்வியில் ஒரு சிரிப்பு இருந்தது. சீட்டையும் சுவிட்சையும் சேர்த்துத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன், அவர் குணம் அப்படி.

"விட்டேன்" என்றேன்.

கதவு சாத்துகிற சத்தம் வாக்கி-டாக்கியில் கேட்டது. நான் எதையும் அழுத்தவில்லை, சார். கையைக்கூட நீட்டவில்லை. பொறுமையாக இருந்தேன். எந்த மாடியில் யார் எப்போது பொத்தானை அழுத்துவார்கள் என்பது எனக்குத் தெரியாது. யாரும் அழுத்தாமல் அவர் சாவியை எடுத்துக்கொண்டு ஏறி வந்திருக்கவும் கூடும். அப்படி வந்திருந்தால் ஆட்டத்தைத் தொடர்ந்திருப்பேன். யாரோ எங்கோ அழுத்திவிட்டார்கள், பெட்டிக்குள் ரிலே டக்கென்றது. மோட்டார் சுற்ற ஆரம்பித்தது, கயிறு ஓடியது. சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. கை துடித்தது. அதை அடக்க எனக்குத் தெரியும், பழகியிருந்தேன். காவலாளி வாக்கி-டாக்கியில் அலறினார். பிறகு மோட்டார் முனகி, தானாகவே நின்றது.

காவலாளி என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் முதலில் மேஜைக்குப் போனேன். என் வாஷர்களை எண்ணாமல் மொத்தமாக நடுவில் தள்ளினேன். ஈடு வைக்காமல் எதிராளி சீட்டைப் பார்ப்பது முறையில்லை. பிறகு சகலையின் சீட்டுகளைத் திருப்பினேன். ஒரு ஜாக்கி, ஒரு நாலு. நடுவில் கிடந்த எதோடும் சேரவில்லை. வெறும் உதார். என் ஒன்பது ஜோடியே போதும். நான் சரியாகத்தான் படித்திருந்தேன்.

அப்புறம்தான் சுவிட்சை இறக்கினேன், பூட்டினேன், கீழே ஓடினேன். ஓடுவதற்கு முன் சீட்டுகளை அள்ளிக் கட்டோடு கலந்துவிட்டேன். வேலை நேரத்தில் சீட்டு பரப்பி வைத்திருந்தார்கள் என்று யாரும் சொல்லக் கூடாதே என்று பதறிச் செய்தது. அன்று முழுவதும் நான் செய்த ஒரே தவறு அதுதான்.

விசாரணையில் கேட்டார்கள். சீட்டைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து "விட்டேன்" என்று சொல்லிவிட்டேன், சுவிட்சை இனிமேல்தான் இறக்க இருந்தேன் என்றேன். காவலாளியும் ஆமாம், சிரித்துக்கொண்டேதான் கேட்டார் என்று சாட்சி சொன்னார். ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வைத்துக்கொண்டதால் வந்த வினை என்று எழுதி முடித்தார்கள். மனைவியின் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல தப்பில்ல, வாய் தவறி வந்த வார்த்தை" என்று அழுதாள். என் மனைவி அழவில்லை. அன்றிலிருந்து அவள் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. மகளை அக்கா வீட்டிலேயே விட்டுவைத்திருக்கிறாள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாமல் போனது காவலாளி பேச்சைத்தான். சகலை வீட்டில் உறவெல்லாம் கூடியிருந்தபோது அவர் ஆறுதல் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். "ஒண்ணு மட்டும் நிம்மதிம்மா. கடைசி ஆட்டத்தை அவர் ஜெயிச்சிட்டுத்தான் போனார். இவர் விட்டேன்னு சொன்னது அவர் காதுல நல்லா விழுந்தது. மாட்டினான் பாருன்னு சிரிச்சிக்கிட்டே குழியில இறங்கினார்." அழுதுகொண்டிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தார்கள். தொட்டி என் முதுகில் தட்டி, "கடைசிவரைக்கும் நீங்க விட்டேன்தான் சார்" என்றார். அன்றிலிருந்து யார் வந்தாலும் அந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். அவர் ஜெயித்தாராம். ஜாக்கியும் நாலும் வைத்துக்கொண்டு.

நீங்கள் ஏதோ எழுதினீர்களே, மனசாட்சி உறுத்தியதால் தானாக வந்து சரணடைந்தான் என்றா? அதை அடித்துவிடுங்கள். எனக்கு இருந்தவை இரண்டே வழிகள். அந்தச் சொல் சீட்டுக்குச் சொன்னது என்றால் அது விபத்து, நான் வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஜெயிக்கிற சீட்டை விட்டவன் ஆவேன். சுவிட்சுக்குச் சொன்னது என்றால் நான் தெரிந்தே பொய் சொல்லி ஒரு மனிதரைக் குழிக்குள் இறக்கிக் கொன்றவன். நன்றாக யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

சுவிட்சுக்குத்தான் சொன்னேன். கொலை என்றே எழுதுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அதற்குக் கீழே இன்னொரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள், காவலாளிக்கும் தொட்டிக்கும் அதைப் படித்துக் காட்ட வேண்டும்: சீட்டை நான் விடவில்லை.